ஓடின கால்

"நல்லா ஓடின காலுல்லா அண்ணாச்சி, அதான் இப்பிடி எறுகிக் கெடக்கு" என்றான் ஸ்டீபன். பலகையில் குப்புறக் கிடந்த பூதலிங்கத்துக்கு அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. ஓடின கால். சொல்பவன் உழிச்சல் தெரிந்தவன், தைலம் தேய்த்துச் சதையை இளக்குகிறவன், கபடி ஆடுகிற பையன்களும் போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பிள்ளைகளும் நாகர்கோவில் முழுக்க இருந்து இவனிடம்தான் வருகிறார்கள், தினமும் எத்தனை காலைத் தொடுகிறவன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மின்விசிறியை அவன் நிறுத்தியிருந்தான், தைலம் போட்ட உடம்புக்குக் காற்று ஆகாது என்று. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து முதுகில் விழுந்தது. வேர்வையும் எண்ணெயும் கலந்து பலகை வழுக்கியது. கன்னத்தைக் கை மேல் வைத்துக்கொண்டு பார்த்தால் கீழே சிமெண்டுத் தரை, அதில் சொட்டிய எண்ணெயைச் சுற்றிக்கொண்டு ஒரு எறும்பு போகிறது, நின்று யோசித்துவிட்டு வந்த வழியே திரும்புகிறது. ஸ்டீபனின் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்ந்து வலது குதிகாலில் தொடங்கி ஆடுசதையை நெருக்கிக்கொண்டு முழங்கால் மடிப்பு வரை ஏறின, அங்கே ஒரு நொடி நின்றன, மறுபடி கீழேயிருந்து தொடங்கின. வலித்தது. வலித்தது நல்லதுதான், வலிக்கிற காலில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இல்லை, அப்படியும் சொல்ல முடியாது, அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்தது, கொசு உட்கார்ந்தால் தெரியும், படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் தெரியும், அசைக்க மட்டும்தான் முடியாது. அண்ணனை இப்போது எதற்கு நினைக்க வேண்டும். ஓடினோம், வலிக்கிறது, தைலம் போடுகிறோம். உலகத்தில் எல்லாரும் செய்கிறதுதான். காலையில் கல்லூரி மைதானத்தில் ஓடுகிற வக்கீல்களும் வாத்தியார்களும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லையா, "நேத்து கொஞ்சம் கூடிப் போச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லையா. அந்தப் பெருமை தனக்கும் வர வேண்டும் என்றுதான் அவர் அங்கே போய் நின்றுகொண்டு அவர்களைப்போலவே முழங்காலைப் பிடித்துப் பார்த்தார். பேருந்து ஓட்டுகிறவருக்கு இந்த வயதில் என்ன ஓட்டம் என்று பணிமனையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஓடுகிறவர் நொண்டினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அது போதும். இந்த நினைப்பு எப்போதும் இந்த இடத்துக்கு வந்துதான் சேர்கிறது. வலிப்பதற்கு முன்னாலேயே அவர் நொண்டத் தொடங்கியிருந்தார். நொண்டத் தொடங்கிய பிறகுதான் ஓடத் தொடங்கினார். இந்த வரிசையை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடமும் மனைவி பகவதியிடமும் மாற்றித்தான் சொல்லியிருந்தார், சொல்லிச் சொல்லித் தனக்கே அப்படித்தான் என்று ஆகிவிட்டிருந்தது பாதி நாள்.

"எத்தன நாளா ஓடுகியோ?" என்று ஸ்டீபன் கேட்டான். "கொஞ்ச நாளாத்தான்" என்றார். "புதுசுன்னா இப்பிடித்தான் இருக்கும். ஓடி முடிச்ச உடனே உக்காரப்பிடாது பாத்துக்கிடுங்க. எங்க டீம்ல ஒருத்தன் அப்பிடித்தான், மேட்ச் முடிஞ்சதும் டீ குடிக்க உக்காந்தான், பெறவு நாலு பேரு தூக்கி வண்டில ஏத்தினோம்." அவன் சிரித்தான். பேச்சுக்காரன். கை ஒரு பக்கம் வேலை செய்யும், வாய் தன் பாட்டுக்கு ஆலப்புழையில் கபடி விளையாடின கதையைச் சொல்லும், நடுவில் போன் அடித்தால் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு மாமியாரிடம் மீன் என்ன விலை என்று கேட்பான். பூதலிங்கத்துக்கு அது பிடித்திருந்தது. பேச்சு இருக்கிற இடத்தில் பயம் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். வீட்டில்தான் பேச்சு இல்லை, பகவதி சாப்பாடு வைத்துவிட்டு டிவி பார்ப்பாள், அவர் மேஜைக்கு அடியில் பாதத்தைத் தூக்கிப் பார்ப்பார், இறக்குவார், மறுபடி தூக்குவார், இடதும் வலதும் ஒன்றாக எழும்புகிறதா என்று. மகள் தர்ஷினிதான் இந்த உழிச்சலுக்கு ஏற்பாடு செய்தாள். எஸ்.ஐ. தேர்வுக்காக விடியற்காலையில் எழும்பி ஓடுகிற பிள்ளை, அப்பாவும் கூட வருகிறேன் என்றதும் அவளுக்கு என்ன சந்தோஷம், ஷூ வாங்கக் கடை கடையாக இழுத்துக்கொண்டு போனாள், கேப்பைக் கூழ் காய்ச்சித் தந்தாள், கூட்டாளிகளிடமெல்லாம் எங்கப்பா, எங்கப்பா என்று. "அப்பா, ஓடுறவங்க எல்லாரும் மாசத்துக்கு ஒரு தடவயாவது தடவிக்கிடணும்ப்பா, இல்லன்னா சதை பிடிச்சுக்கிடும்" என்று சொல்லித் தன் ஸ்கூட்டரில் உட்கார்த்தி வைத்து இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே வேப்பமரத்துக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கால்கள். அவளுடைய கால்களை அவர் பார்ப்பதில்லை. மைதானத்தில் அவள் முன்னால் ஓடும்போது அவளுடைய தலைமுடியைத்தான் பார்ப்பார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும் அந்தக் குதிரைவாலை. அதற்குக் கீழே பார்வையை விடுவதில்லை.

அப்போது அது வந்தது. ஸ்டீபனின் கை ஆடுசதையின் மேல் சும்மா இருந்த நேரம், தைலம் எடுக்க மற்றக் கையை நீட்டியிருந்தான், தோலுக்கு அடியில் சின்ன மீன் ஒன்று புரண்டதைப்போல ஒரு துடிப்பு. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சைப் பிடித்தால் நிற்கும் என்பது வெறும் நம்பிக்கைதான், நின்றதே இல்லை. ராத்திரியெல்லாம் பகவதி தூங்கிய பிறகு இது ஓடும், தொடையில் ஒரு இடம், பிறகு புஜத்தில், யாரோ உள்ளேயிருந்து விரலால் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி. இவன் கைக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தது. "துடிக்கி பாத்தியளா? ரத்தம் ஓடத் தொடங்கிட்டு. நல்லதாக்கும்" என்றான் ஸ்டீபன், அவன் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. பூதலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். ரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது. இதே வார்த்தையை இதே குரலில் கேட்டிருக்கிறார், கேட்கவில்லை, சொல்லியிருக்கிறார், ஒழுகினசேரி வீட்டில் பின்கட்டு அறையில், கட்டிலில் அண்ணன் சிவதாணு, தரையில் கிண்ணத்தில் தைலம், "லேய் பூதம், உள்ள என்னவோ துள்ளுகுலே" என்று அண்ணன் சொல்ல, அவர் குனிந்து பார்த்து, ஆமாம் துள்ளுகிறது, தோல் அங்கங்கே மழை விழுகிற குளம் மாதிரி சுண்டிக்கொண்டிருக்கிறது, "அது ரத்தம் ஓடுகதுண்ணே, தைலம் வேலை செய்யுகு" என்று சொன்னார். அண்ணன் நம்பினானா? தலையை ஆட்டினான். அண்ணனுக்கும் முதலில் அசதிதான். அண்ணன் வாழைக்குலைக் கடையில் சுமை தூக்குகிறவன், அசதி வராமல் இருக்குமா. டம்ளர் கையிலிருந்து விழுந்தபோது எண்ணெய்க் கை என்றான். படியில் தடுக்கியபோது செருப்பு தேய்ந்துவிட்டது என்றான். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் பக்கத்திலேயே இருந்தது, எடுத்து வைத்துக்கொள்ள வசதியாக. பிறகு திருவனந்தபுரத்தில் அந்த டாக்டர், சின்ன வயதுக்காரர், மேஜையில் கிடந்த பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டே, தசைக்குப் போகிற நரம்பு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வருகிறது, மருந்து இல்லை, என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்று அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வரும் வழியில் களியக்காவிளையில் டீ குடிக்க இறங்கும்போதுதான் அண்ணன் சொன்னான், "அப்பா கம்பு ஊன்றி நடந்தது குடியினால இல்லலே."

ஸ்டீபன் இப்போது இடது காலுக்குப் போயிருந்தான். இடது கால் நல்ல கால். அதைத் தேய்க்கும்போது அவர் கொஞ்சம் இளைப்பாறலாம். ஆனால் மனம் இளைப்பாறுகிறதா, நல்ல காலைத் தேய்க்கிற அந்த இடைவெளிதான் அதற்கு வசதி, தோவாளைக்குப் போய்விட்டது. போன வாரம், காலை நேரம், பூச்சந்தைக்குப் பக்கத்தில் சாலையைக் கடக்க ஒரு பெண் இறங்கினாள், தலையில் பிச்சிப்பூக் கூடை. அவர் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். கண்ணுக்கும் மனதுக்கும் எந்தத் தாமதமும் இல்லை, பிரேக் என்று உள்ளே சொல்லியாகிவிட்டது, கால் மட்டும் ஆக்சிலேட்டரிலேயே கிடந்தது, ஈரச் சாக்கு மாதிரி. தூக்கு என்றார். தூக்கு. பிறகு தொடையோடு சேர்த்துத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். வண்டி அவளைத் தாண்டித்தான் நின்றது. அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கூடை கவிழ்ந்து சாலை முழுக்க வெள்ளையாகப் பிச்சிப்பூ, வண்டி டயரில் கூட ஒட்டியிருந்தது. எழுந்து வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று, "கண்ணு அவிஞ்சா போச்சு ஒமக்கு?" என்று கத்தினாள். அவருக்கு அப்போது வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் நிம்மதிதான். கண் என்று சொல்லிவிட்டாள், கால் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பணிமனைக்கு வந்ததும் பிரேக் கொஞ்சம் லூசாக இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் சொன்னார். மெக்கானிக் வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "பிரேக் சும்மா கத்தி மாதிரில்லா இருக்கு" என்றார். நாளைக்கும் அதே வண்டிதான், அதே வழிதான். ஐம்பது அறுபது பேர் பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப்பையை எஞ்சின் பெட்டி மேல் வைத்துவிட்டு, "மாமா, ஹாரன் அடிங்க மாமா" என்பார்கள். அவர் அடிப்பார். தைலம் போட்ட பிறகு கால் சரியாகிவிடும். ஸ்டீபன் சொல்கிறான் அல்லவா, நாளைக்கே பஞ்சு மாதிரி ஆகிவிடும் என்று. பஞ்சு மாதிரி வேண்டாம், கால் கால் மாதிரி இருந்தால் போதும்.

"மலந்து படுங்க அண்ணாச்சி" என்றான். திரும்புவதற்கு அவர் கைகளைத்தான் ஊன்றினார், எண்ணெயில் முழங்கை வழுக்கிற்று, ஸ்டீபன் தோளைப் பிடித்துக்கொடுத்தான். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு, நடுவில் ஒரு கயிறு தொங்கியது, பெரிய ஆட்டக்காரர்களுக்கு இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்து உழிவான் என்று தர்ஷினி சொல்லியிருந்தாள். ஸ்டீபன் இரண்டு பாதங்களையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான். "எங்க, பாதத்த ஒங்க பக்கம் இழுங்க பாப்போம்." இடது பாதம் வந்தது, பெருவிரல் நெற்றியைப் பார்த்து நிமிர்ந்தது. வலது பாதம் அவன் உள்ளங்கையில் அப்படியே சாய்ந்து கிடந்தது. "ரெண்டையும் இழுங்க." இழுத்துக்கொண்டுதான் இருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, பல்லைக் கடித்தார், வயிறு இறுகியது, உடம்பில் அவ்வளவு இடத்துக்கும் அந்தக் கட்டளை போயிற்று, போக வேண்டிய இடத்தைத் தவிர. மூடிக் கிடக்கிற கடைக்கு முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பெருவிரல் லேசாக அசைந்தது. அசைந்ததா, இல்லை அவன் கை அசைந்ததா. "ரொம்ப அசந்து போச்சு" என்றான் ஸ்டீபன், எந்தச் சந்தேகமும் இல்லாமல். "ரெண்டு நாளு ஓட்டத்துக்கு லீவு விடுங்க. எல்லாம் சரியாவும்." அவன் மனசாரச் சொன்னான். அவனுக்கு ஓடுகிறவர்களைத் தெரியும், அவனிடம் வருகிற கால்கள் எல்லாம் சரியாகிவிடுகிற கால்கள். அவனிடம் பொய் சொன்னால் அவனும் அந்தப் பொய்யைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றித் திருப்பித் தருவான், வேறென்ன செய்வான் பாவம். பூதலிங்கத்துக்குத் திடீரென்று அவன் மேல் இரக்கமாக இருந்தது, தன் மேல் வரவேண்டியது தடம் மாறி அவன் மேல் போய்விட்டதைப்போல.

தேய்ப்பு முடிந்து பயறு மாவால் எண்ணெயை வழித்துத் துண்டால் துடைத்த பிறகு ஸ்டீபன் சொன்னான், "எழும்பி உக்காருங்க. கைய வச்சு நீங்களே தடவிப் பாருங்க. முன்னத்த மாதிரி கல்லு கணக்கா இருக்கான்னு சொல்லுங்க." அவர் உட்கார்ந்தார். கையை வைக்கவில்லை. "பாருங்க அண்ணாச்சி" என்றான் மறுபடி, செய்த வேலையைக் காட்டுகிற பெருமையில். அவனுக்கு எப்படித் தெரியும், பூதலிங்கம் தன் வலது காலைக் கையால் தொட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது என்று. குளிக்கும்போது தண்ணீரை ஊற்றுவதோடு சரி, சோப்பை இடது பாதத்தால் தேய்த்துக்கொள்வார். சாக்ஸ் போடும்போது துணியைத்தான் பிடிப்பார். ஏனென்றால் அண்ணனின் காலைத் தினமும் தடவியது இந்தக் கைதான். அண்ணனால் நிற்க முடியாமல் போனதிலிருந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன நாள் வரைக்கும் தினமும், சாயங்கால வண்டி விட்டு வந்து காக்கிச் சட்டையைக் கூடக் கழற்றாமல். அந்த ஆடுசதை முதலில் எப்படி இருந்தது, பிறகு எப்படி இளகியது, எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக எங்கே போயிற்று, எல்லாம் இந்த விரல்களுக்குத் தெரியும். டாக்டருக்குச் சொன்னால் டாக்டர் யோசிப்பார், சோதனை எழுதுவார், இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்பார். இந்தக் கைக்கு யோசிக்க ஒன்றுமில்லை. வேறொருவன் கை தொடட்டும், தெரியாத கை, என்றுதான் இங்கே வந்து படுத்ததே. ஸ்டீபன் துண்டை உதறிக்கொண்டு நின்றான், அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தான், காத்திருந்தான். அவர் குனிந்தார். முதலில் இடது ஆடுசதை. உருண்டையாக, வெதுவெதுப்பாக, கைக்குள் நிறைந்து நின்றது. பிறகு வலது. கை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. விரல்கள் ஒன்றையொன்று தொடுகிற அளவுக்குப் பக்கத்தில் வந்தன. நடுவில் ஏதோ இருந்தது, ஊறிய துணி மாதிரி, அதற்கு அந்தப் பக்கம் எலும்பின் விளிம்பு கூர்மையாக. ஒழுகினசேரி வீட்டின் பின்கட்டு அறையின் வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறிற்று. அண்ணா, என்றார் உள்ளுக்குள். வேறெதுவும் தோன்றவில்லை. பயம் இந்த நேரத்தில் பெரிதாக வந்து அடிக்கும் என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தார், அது வரவில்லை, மாறாக ஓர் அயர்ச்சி, ஓடாமலே வந்த அயர்ச்சி, உட்கார்ந்திருந்த பலகையோடு சேர்ந்து கீழே கீழே போகிற மாதிரி. "எப்பிடி இருக்கு?" என்றான் ஸ்டீபன். "இளகியிருக்கு தம்பி" என்றார்.

வெளியே வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. தர்ஷினி போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "எப்பிடிப்பா இருக்கு? நாளைக்கு ரெண்டு ரவுண்டு கூட ஓடிருவோமா?" என்றாள். அவருக்குப் பதில்கள் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் நின்றன. ஸ்டீபன் ரெண்டு நாள் லீவு விடச் சொன்னான் என்று சொல்லலாம். தைலம் ஊறட்டும் என்று சொல்லலாம். டூட்டி இருக்கிறது என்று சொல்லலாம். எல்லாம் நம்புகிற மாதிரிதான் இருந்தது, எதை எடுத்தாலும் வீடு வரைக்கும் போய்ச்சேரும், அங்கேயிருந்து நாளைக் காலை வரைக்கும் போகும், தோவாளை வரைக்கும் போகும். களியக்காவிளை டீக்கடையில் அதைச் சொல்லிவிட்டு அண்ணன் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் அன்றைக்குச் சொன்னது தனக்காகச் சொன்னதில்லை, தம்பிக்காகச் சொன்னது என்று பூதலிங்கத்துக்கு இந்த மரத்தடியில் நிற்கும்போதுதான் பட்டது. "மக்களே" என்றார். "இது ஓடி ஓடி வந்தது இல்ல." அவள் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது, யாரும் எடுக்க மறந்துவிட்ட பொருளைப்போல. "ஓடுகதுக்கு முன்னாலயே இருந்து. பெரியப்பாக்கு வந்துல்லா. அதுதான்னு நெனைக்கேன்."

அவள் அவருடைய காலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அம்மைக்குத் தெரியுமா?" "தெரியாது." "டாக்டர்ட்ட போனியளா?" "இல்ல. போவணும்." சாலையில் ஒரு பேருந்து போயிற்று. "நாளைக்கு வண்டி?" என்றாள். "ஏற மாட்டேன். காலைல போயி எழுதிக் குடுத்துருகேன்." அவள் தலையை ஆட்டினாள். அவர் நினைத்தார், அழுவாள், திட்டுவாள், ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை. ஸ்கூட்டரின் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே, சின்னப் பிள்ளையில் இருட்டைப் பற்றிக் கேட்பாளே அந்தக் குரலில், "தாத்தாக்கும் இருந்துச்சாப்பா?" என்றாள். "இருந்திருக்கும்." சாவி நின்றது. "அப்பம் எனக்கும் வருமா?" அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார். ஷூ லேஸ் இறுக்கிக் கட்டியிருந்தது, முழங்காலுக்குக் கீழே சதை தெளிவாகத் திரண்டு இரண்டாகப் பிரிந்து நின்றது, காலையில் ஓடிய மைதானத்துச் செம்மண் இன்னும் கணுக்காலில் ஒட்டியிருந்தது. அழகான கால்கள். வராது மக்களே என்று சொல்ல வாயெடுத்தார், அந்தச் சொல்லுக்கு வேண்டிய மூச்சுக்கூட உள்ளே வந்துவிட்டது. "தெரியல மக்களே" என்றார்.

அவள் ஸ்கூட்டரில் ஏறி அதைத் திருப்பி நிறுத்தினாள். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். தைலத்தாலோ என்னவோ வலது கால் இன்னும் கனத்திருந்தது, மிதிபடியில் வைக்கத் தூக்கினார், பாதத்தின் நுனி அதில் இடித்து நழுவியது. மறுபடி தூக்கினார், மறுபடி நழுவியது. தொடையைக் கையால் பிடித்துத் தூக்கிக்கொள்ளலாம், அப்படித்தான் ஆள் பார்க்காத நேரத்தில் செய்வார். கையைக் கொண்டுபோவதற்குள் அவள் வண்டியை அணைத்தாள், ஸ்டாண்டைப் போட்டாள், இறங்கிச் சுற்றி வந்து மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அவருடைய குதிகாலை ஒரு கையாலும் விரல்களை ஒரு கையாலும் ஏந்தி மிதிபடி மேல் வைத்தாள். செருப்பு கோணியிருந்தது, அதைச் சரிசெய்தாள். எண்ணெய் பட்ட கையைத் துடைக்காமல் அப்படியே போய் வண்டியை எடுத்தாள்.